ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: பிள்ளைகளே படிக்கும்படி வகுப்பில் என்ன செய்யலாம்?

சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒன்பதும் பத்தும் என் வகுப்புகள், இரண்டும் தமிழ் வழி. ஒன்பதாம் வகுப்பு பற்றித்தான் கேட்க வேண்டும்.

என் வகுப்பில் வாசிப்பு என்ற பெயரில் நடப்பது இதுதான். நான் ஒரு வரி படிக்கிறேன், தமிழில் அர்த்தம் சொல்கிறேன், அடுத்த வரிக்குப் போகிறேன். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார்கள். கஷ்டமான சொல் வந்தால் அதற்கு மேலே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வார்கள். யாரையாவது எழுப்பி வாசிக்கச் சொன்னால் அந்தத் தமிழ் எழுத்தைத்தான் வாசிக்கிறார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் வராது. பாடம் முடிந்ததும் கேள்வி பதில் போர்டில் எழுதிப் போடுகிறேன், மனப்பாடம் செய்கிறார்கள், ஸ்லிப் டெஸ்டில் மார்க்கும் வாங்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் வகுப்பில் யாரும் எதையும் படிக்கவில்லை.

மொத்தம் 38 பேர். ஆறேழு பேர் நன்றாகப் படிப்பார்கள். பாதிப் பேர் சத்தமாக வாசித்துவிடுவார்கள், பொருள் பிடிபடாது. ஒரு பத்துப் பேருக்கு மூன்றெழுத்துச் சொல்லிலேயே தடுமாற்றம், அவர்களில் பெரும்பாலோர் பையன்கள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி குழு பிரித்து சார்ட் எழுத வைத்தோம், பாடத்தை நாடகமாகப் போட்டோம். வகுப்பு கலகலவென்று இருந்தது. ஆனால் நாடகத்தின் வசனம் முழுவதையும் ஒரே பெண் எழுதினாள், மற்றவர்கள் அவள் சொல்லச் சொல்லக் கேட்டு நடித்தார்கள். சார்ட்டில் படம் வரைந்த பையன் பாடத்தைத் திறக்கவே இல்லை.

இந்தப் பிள்ளைகள் தமிழில் பேசும்போது கேட்க வேண்டும், அவ்வளவு கூர்மை. ஒரு கதை சொன்னால் நடுவிலேயே மறித்து முடிவை ஊகித்துவிடுவார்கள். அதே கதை ஆங்கிலத்தில் அச்சாகி முன்னால் வந்தால் முகம் வாடிப்போகிறது. இதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

45 நிமிட பீரியட், போர்டு, பாடப்புத்தகம், எப்போதாவது ஜெராக்ஸ். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்து என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கீழத்தெரு வாத்தியார்:

டீச்சர், வசனத்தை ஒரே பெண் எழுதினாள் என்றீர்களே, அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வகுப்பில் செய்யும் எந்தச் செயல்பாட்டுக்கும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இதைச் செய்து முடிக்க ஒரு பிள்ளை எத்தனை தடவை புத்தகத்தின் பக்கத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும்? ஒரு தடவைகூட வேண்டாம் என்றால் அது ஓவிய வகுப்பாக இருக்கலாம், நாடக வகுப்பாக இருக்கலாம். இரண்டும் நல்லதுதான், வாசிப்பு மட்டும் அதில் நடக்காது. கலகலப்பை வைத்து மதிப்பிட்டால் நாம் ஏமாந்துவிடுவோம்.

உங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலேயே பதினேழு ஆரஞ்சுப் பழங்கள் கதை இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் குதிரை வண்டி ஓட்டும் ஒரு பையன் ஆரஞ்சுகளை உடுப்புக்குள் ஒளித்து எடுத்துப் போகிறான். பாங்கோ என்று எல்லோரும் கூப்பிடும் போலீஸ்காரர் பிடித்துவிடுகிறார். பழங்களை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, பையனை அறைக்குள் பூட்டிவிட்டு, சாட்சிக்கு ஆள் கூட்டிவரப் போகிறார். நான் இதை எஃப்.ஐ.ஆர். எழுதும் பாடமாக நடத்துவேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எஃப்.ஐ.ஆர். என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பவம் நடந்த இடம், பிடிபட்டவர் செய்யும் வேலை, என்ன உடை, கைப்பற்றிய பொருள், எத்தனை, பார்த்த சாட்சி யார் என்று ஒரு படிவத்தைப் போர்டில் வரைவேன். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அது புத்தகத்தில் எந்தப் பத்தியில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று குறிக்க வேண்டும். வரி எண் இல்லாவிட்டால் அந்தப் பதில் செல்லாது. இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். படிக்கவே வராது என்று ஒதுங்கி உட்காரும் பையன்கூட 'கைப்பற்றிய பொருள்' எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடுவான். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு பத்து வரியைக் கடந்து போவதும் வாசிப்புதான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய வாசிப்பு.

கதையை ஒரே மூச்சில் கொடுக்க மாட்டேன். பாங்கோ கதவைப் பூட்டிவிட்டுப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். இப்போது அந்தப் பையன் என்ன செய்வான்? தமிழிலேயே சொல்லட்டும். ஜன்னல் வழியாக எறிவான், போலீஸ்காரர் காலில் விழுவான், ஓடிவிடுவான் என்று வகுப்பு முழுக்கக் கை தூக்கும். நடுவில் மறித்து முடிவை ஊகிப்பார்கள் என்று எழுதினீர்களே, அந்தக் குணத்துக்கு வேலை கொடுக்கும் இடம் இது. ஊகங்களைப் போர்டில் எழுதிவிட்டு, "சரி, யார் சொன்னது சரி என்று நான் சொல்லப் போவதில்லை, அடுத்த பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் நமக்கு வாய் துறுதுறுக்கும். அர்த்தம் சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. அந்த ஐந்து நிமிட அமைதியில் பிள்ளைகள் தாங்களாகப் படிக்கிறார்கள். பையன் பழங்களை ஒவ்வொன்றாகத் தின்கிறான், தோலையும் கொட்டையையும்கூட விடவில்லை என்று கண்டுபிடித்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கத்தல் வரும். அந்தக் கத்தல் என் வாயிலிருந்து வந்த அர்த்தத்துக்கு இல்லை, அச்சில் இருந்த வரிக்கு. அதன் பிறகு எஃப்.ஐ.ஆரில் 'கைப்பற்றிய பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விவாதம் நடக்கும். அதற்கும் பக்கத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் ராத்திரி பேய் வந்த வீட்டுக் கதைக்கு எஃப்.ஐ.ஆர். சரிப்படாது. அதற்கு வீட்டின் வரைபடம். அந்தக் கதை ஏன் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை என்றால், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கு தப்பிப்போகிறது. மாடியில் குளித்துவிட்டு வந்தவன், கீழே சாப்பாட்டு மேசையைச் சுற்றும் காலடிச் சத்தம், பின்பக்கப் படிக்கட்டு, அம்மாவின் அறை ஜன்னல், சின்னச் சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலே பரணறையில் படுத்திருக்கும் தாத்தா. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, கீழ்த்தளம், மாடி, பரண் என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். ஆள்களையும் பொருள்களையும் அதில் வைக்க வேண்டும், வழக்கம்போல வரி எண்ணோடு. அம்மா செருப்பை எறிந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று இரண்டு குழு சண்டை போட்டால் தீர்ப்பு சொல்லாதீர்கள். புத்தகம் சொல்லட்டும். அந்த வீடு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உண்மையாகவே இருக்கிறது. கதையை எழுதிய ஜேம்ஸ் தர்பரின் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்த வீடு, இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். வரைபடம் முடிந்த பிறகு இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சிலைப் பிடுங்காதீர்கள். பலர் அதற்குத் தடை போடுவார்கள், நான் போட மாட்டேன். எழுத்தைக் கூட்டிச் சத்தம் எழுப்பத் தெரியாத பிள்ளைக்கு இப்போதைக்கு அது ஒன்றுதான் பிடி. ஆனால் ஒரு பத்தியில் ஐந்து சொல்லுக்கு மட்டும்தான் எழுதலாம் என்று வரம்பு வையுங்கள். எந்த ஐந்து என்று தேர்ந்தெடுக்க அவன் பத்தி முழுவதையும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் ஐந்தை மூன்றாக்கலாம்.

வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது இருக்கிறதே, அதை அடியோடு விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை வேறு எதையும் கேட்காது. முறை முடிந்தவன் வெளியே பார்ப்பான். திக்கித் திணறும் பிள்ளை 38 பேருக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்கும். அந்த நேரத்தில் நீங்களே நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு, அர்த்தம் சொல்லி நிறுத்தாமல் ஒரு பக்கம் வாசியுங்கள். அவர்கள் விரலை வைத்துக்கொண்டு கூடவே வரட்டும். தொடங்கும் முன் மூன்று நிமிடம் தமிழில் கதையின் களத்தைச் சொல்லிவிடலாம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவது குற்றமில்லை. வரிக்கு வரி மொழிபெயர்ப்பதில்தான் சிக்கல், அடுத்து தமிழ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளைதான் ஆங்கிலத்தைப் பார்க்கும்?

தேவகோட்டை ஆங்கிலம்:

வாத்தியார் சொன்னதெல்லாம் பாடத்தை ஓரளவு எட்டிப் பிடிக்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். டீச்சர் சொன்ன அந்தப் பத்துப் பேரை நினைத்துத்தான் நான் எழுதுகிறேன்.

சொல்லறிவு ஆராய்ச்சியில் பெரிய பெயர் நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன். அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு கதையை அடுத்தவர் உதவி இல்லாமல் புரிந்து படிக்க, அதில் உள்ள 100 சொற்களில் சுமார் 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வருகிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். இப்போது நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, கடைசி பெஞ்ச் பையனுக்குத் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். அவனுடைய சோம்பலைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

எளிய சொற்களில் திருத்தி எழுதிய வாசிப்புப் புத்தகம் என்ற எண்ணமே நம் பக்கத்தில்தான் வளர்ந்தது. 1920களில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தோடு படும் பாட்டைப் பார்த்துவிட்டு, புதுச்சொற்களைக் குறைத்து, வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும்படி பாடநூல்களை எழுதினார். பிறகு அந்த முறை உலகம் முழுக்கப் போனது. நூறு வருடம் கழித்து நம் வகுப்பில் அதே பிரச்சினை, ஆனால் அந்த மாதிரிப் புத்தகங்கள் நம் அலமாரியில் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பதிவிறக்கி அச்செடுக்க அனுமதி உண்டு. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான்.

அதில் ஒரு தொல்லை இருக்கிறது. மீசை அரும்பும் பையன் கையில் யானைக்குட்டிப் படக்கதையைக் கொடுத்தால் அவனுக்கு அவமானம். தூக்கி எறியாவிட்டாலும் உள்ளுக்குள் மூடிக்கொள்வான். நான் இதைத் தாண்டிய வழி: எங்கள் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கதை வாசித்துக் காட்டும் வேலையை என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தேன். இரண்டு தலைமையாசிரியர்களிடமும் பேசி அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அந்தப் படக்கதை அவனுக்கான புத்தகம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்காக அவன் தயார் செய்யும் புத்தகம். வாரம் முழுக்க அதையே திரும்பத் திரும்ப வாசிப்பான். இந்தச் சொல்லை எப்படிச் சொல்வது மேடம் என்று தானாக வந்து கேட்பான். ஒரே புத்தகத்தை ஒரு பதினான்கு வயதுப் பையன் வெட்கமில்லாமல் பத்துத் தடவை வாசிக்க வேறு என்ன காரணத்தை நாம் கொடுக்க முடியும்? எதிரில் உட்காரும் மூன்றாம் வகுப்புக்காரன் தடுமாற்றத்தைக் கண்டு சிரிக்க மாட்டான், அவனுக்கு இவன் பெரிய அண்ணன். அந்தக் குட்டிகள் அடுத்த வாரமும் அதே அண்ணன்தான் வேண்டும் என்று கேட்பார்கள். அந்த நாளில் அந்தப் பையன் நடந்து திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். வாரத்துக்கு ஆறு பேர் போதும், அதில் இரண்டு பேர் நன்றாகப் படிப்பவர்களாக இருக்கட்டும்.

பத்து ஏ கிளாஸ் டீச்சர்:

எல்லாம் நல்ல யோசனைகள்தான். நான் வேறு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பத்தாம் வகுப்பில் ஜூனிலேயே தேர்ச்சி சதவீதம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனிக் கையேடு, மாலை நேர வகுப்பு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு. 35 மார்க் எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாசல் அடைபடும். நம் வாசிப்பு ஆசைக்காக அவனைப் பணயம் வைக்க எனக்கு மனசு வராது. மனப்பாடப் பாடல், கடிதம், விளம்பரம், படத்தைப் பார்த்து ஐந்து வரி, இவற்றை வைத்துத்தான் அவனைக் கரையேற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே டீச்சர், இவற்றையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்துவிடுங்கள். பத்துக்கு வந்த பிறகு நேரம் கிடைக்காது.

கீழத்தெரு வாத்தியார்:

கவலை நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், என் பிள்ளைகளுக்கும் அதே தேர்வுதான். ஆனால் ஒன்று பாருங்கள். 2019-20 முதல் ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இல்லாமல் ஒரே தாளாகிவிட்டது. ஒரே உட்காரலில் எல்லாப் பகுதியும். முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து விடை எழுதச் சொல்லும் கேள்வி அதிலும் இருக்கிறது. மனப்பாடம் அங்கே கை கொடுக்காது. கேள்வியையே தப்பாகப் படித்துவிட்டு, தெரிந்த விடையை வேறு எண்ணுக்கு எழுதும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரி எண் தேடிப் பழகிய பிள்ளை பத்தியில் விடை இருக்கும் வரியைக் கண்டுபிடித்து அப்படியே எடுத்து எழுதிவிடும். 35ஐத் தொடப் போராடும் பிள்ளைக்கு அந்த மார்க் சாதாரணம் இல்லை. பத்தாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரே ஒரு பீரியடை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள் என்பதுதான் நான் கேட்பது. மற்ற நாள்கள் உங்கள் திட்டப்படியே போகட்டும்.

வடமராட்சி வாசகி:

நான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன், தரம் 9, 10. எங்களிடமும் இதே நிலைதான், சாதாரண தரம் என்கிற எங்கள் பொதுப் பரீட்சையில் ஆங்கிலத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகள் அதிகம். இருக்கையில் ஐந்து நிமிடம் இருக்கவே மாட்டாத பையன்களுக்கு நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டுப் பத்து வரியுள்ள ஒரு பந்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்பறைக்கு வெளியே விறாந்தைச் சுவரில் ஒட்டிவிடுவேன். இருவர் சேர்ந்தது ஒரு சோடி. ஒருவர் ஓடிப்போய் வாசித்து, நினைவில் நிற்கிற அளவை மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். மறந்தால் திரும்ப ஓடலாம், எத்தனை தரமும் ஓடலாம். பாதியில் ஆளை மாற்றிவிடுவேன். முடித்த பிறகு புத்தகத்தை வைத்துத் தாங்களே திருத்துவார்கள். வகுப்பில் அசையாமல் இருக்கச் சொன்னால் ஒரு வரியும் வாசிக்காத பையன் இங்கே அதே வரியை நாலு தரம் போய் வாசிக்கிறான். முதல் தரம் மூன்று சொல்லோடு வருவான், அடுத்த தரம் ஒரு முழுத் துண்டோடு வருவான். சொற்களைத் தனித்தனியாகப் பார்க்கிறதை விட்டுச் சேர்த்துப் பார்க்கப் பழகுகிறான் என்று விளங்கும்.

கதையின் தொடர்ச்சி மாதிரி இருக்கிற பந்தியாகத் தெரிந்தெடுங்கள். முதல் நாள் பாதிக் கதை, அடுத்த கிழமை மீதி. இலக்கண விளக்கத்தை ஒட்டினால் யாரும் ஓட மாட்டார்கள்.

சாக்பீஸ்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எஃப்.ஐ.ஆர். படிவத்தை இப்போதே நோட்டில் வரைந்து வைத்துவிட்டேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலும் தொடக்கப் பள்ளி இருக்கிறது, அங்கே உள்ள டீச்சர் எனக்குப் பழக்கம்தான், திங்கட்கிழமை பேசுகிறேன்.

இரண்டு சந்தேகம். பிள்ளைகள் ஓடினால், விவாதம் செய்தால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கும். எச்.எம். சுற்றி வந்தால் வகுப்பு கட்டுக்குள் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, எல்லாம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாமல், அவர்கள் தாமாக எடுத்துப் படிக்கும் பழக்கம் வர எங்கே தொடங்குவது? நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் கனமான புத்தகங்கள்.

தேவகோட்டை ஆங்கிலம்:

அலமாரி பற்றி நான் சொல்கிறேன். ஆங்கிலத்தை மட்டும் தேடாதீர்கள். வாசிக்கும் பழக்கம் வருவதானால் முதலில் அது தமிழில் வரட்டும், அதனால் ஆங்கிலத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என்று பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் தேன்சிட்டு இதழ் உங்கள் பள்ளிக்கும் வரும், எங்கேயாவது கட்டாக இருக்கும், விசாரியுங்கள். அதே துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்களும் இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாக வந்தவை. எல்லாம் தமிழ்தான், இருக்கட்டும். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்படி ஸ்டோரிவீவரிலிருந்து பத்துக் கதையை அச்செடுத்து அதோடு கலந்து வைத்துவிடுங்கள். முதலில் தமிழில் படிப்பான். கதை பிடித்துப்போனால் ஆங்கிலத்தில் அதையே எடுப்பான், கதை முன்பே தெரியும் என்பதால் சொல் தடுக்காது.

நூலகப் பாடவேளையில் அறிக்கை எழுது, சுருக்கம் எழுது, நீதி என்ன என்று எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் அதுவும் இன்னொரு பாடமாகிவிடும். பதினைந்து நிமிடம் எல்லோரும் படிக்க வேண்டும், நீங்களும்தான். அந்த நேரத்தில் எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்வது, நோட்டுத் திருத்துவது வேண்டாம். நீங்கள் எதையாவது ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தால் "என்ன மேடம் அது?" என்று கேட்பார்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்க உரிமை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கீழத்தெரு வாத்தியார்:

சத்தத்துக்கு: முதல் தடவை செய்யும் முன்பே எச்.எம்.மிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். இன்ன பீரியடில் இன்ன பாடத்துக்கு இப்படி ஒன்று செய்யப் போகிறேன், கொஞ்சம் சத்தம் வரும், முடிந்தால் வந்து பாருங்கள் என்று. அழைத்துவிட்டால் அவர் சோதிக்க வருபவராக இல்லாமல் விருந்தாளியாக வருவார். பிள்ளைகள் வரி எண் தேடிக்கொண்டிருக்கும்போது வந்தால் ஒரு குழுவின் அருகில் நிறுத்தி, அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை. வடமராட்சி வாசகி சொன்ன ஓட்டத்தை மதிய உணவுக்கு முந்தைய பீரியடில் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்குப் பசி. விளையாட்டு (பி.இ.டி.) பீரியடுக்கு அடுத்தும் வேண்டாம். உங்கள் வகுப்புக்குப் பக்கத்தில் வேப்ப மரம், திண்ணை என்று ஏதாவது இருந்தால் அங்கேயே ஒட்டிவிடலாம். வெளியில் சத்தம் கரைந்துவிடும்.

முதல் வாரம் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும். படிவத்தை நிரப்ப ஒரு பீரியட், பாங்கோ கதவைப் பூட்டும் இடத்துக்குப் பிறகு இன்னொரு பீரியட். ஜோடி சேர்க்கும்போது நன்றாகப் படிப்பவளையும் படிக்கவே வராதவனையும் சேர்த்துவிடாதீர்கள், வசனம் எழுதிய கதைதான் திரும்ப நடக்கும். நடுத்தரமாகப் படிப்பவரோடு தடுமாறுபவரைச் சேருங்கள், பென்சில் தடுமாறுபவர் கையில் இருக்கட்டும். நன்றாகப் படிக்கும் அந்த ஆறேழு பேரையும் தனி ஜோடிகளாக்கி, பாங்கோ பக்கத்து வாக்குமூலத்தை ஆங்கிலத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் தீனி வேண்டுமே.

பிள்ளைகள் நிரப்பிய படிவத்தில் இரண்டு மூன்றை இங்கே படம் எடுத்துப் போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு. எந்த வரியில் தடுக்கினார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசலாம்.